உப்புக்கு முன் பாசி

திருத்துறைப்பூண்டியில் ரயில் கிளம்பியதும் இரண்டு பக்கமும் உளுந்து வயல். சம்பா அறுவடைக்கு முன் ஈரத்தில் தெளித்த உளுந்து, மாசிப் பனியைக் குடித்துத் தாளுக்கு மேலே எழுந்து நின்றது. 37 கிலோமீட்டர் போனால் கடைசி நிலையம் அகஸ்தியம்பள்ளி. பல ஆண்டுகள் மூடிக்கிடந்த இந்தப் பாதை அகலப்பாதையாகி, 2023 ஏப்ரலில்தான் மறுபடியும் ரயிலைப் பார்த்தது. வேதாரண்யம் தாண்டியதும் பச்சை சட்டென்று நின்றுபோகிறது. அதற்கப்புறம் கண்ணுக்கெட்டியவரை வரப்பும் தண்ணீரும் வெளுத்த மண்ணும்தான்.

நான் போனது பாசியைப் பார்க்க. உப்பளத்துப் பாத்திகளில் உப்பு விளைவதற்கு முன்பே வந்து படிகிற நீலப்பச்சைப் பாசி, அதாவது சயனோபாக்டீரியா, அந்த உப்புக்கரிப்பில் எதைத் தின்று, எப்படித் தின்று உயிர் வாழ்கிறது என்ற கேள்வி நெடுநாளாக என்னிடம் இருந்தது. கேள்விக்குப் பாதி விடை ஆய்வுக்கட்டுரைகளில் கிடைத்துவிட்டது. மீதிக்குப் பாத்தியில் இறங்கவேண்டும்.

திருச்சி வழியாக வந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் சயனோபாக்டீரியாவுக்கென்றே ஒரு தேசிய மையம் 1991 முதல் இயங்குகிறது. பேராசிரியர் கோ. சுப்ரமணியனும் அவருடைய மாணவர்களும் தென்கிழக்குக் கடற்கரை நெடுக அலைந்து, எந்த உப்பங்கழியில் எந்தப் பாசி என்று தேடிச் சேர்த்தார்கள். நம் உப்பளங்களில் இருப்பது என்னவென்று நமக்குத் தெரிந்திருப்பதற்கு அந்த உழைப்பே காரணம். அதற்கும் முன்னால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேசிகாச்சாரி 1959இல் கொண்டுவந்த ‘சயனோஃபைட்டா’ என்ற பெருநூல் இன்றுவரை இத்துறையில் இருப்பவர்கள் கையிலிருந்து இறங்கவில்லை. இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கு இப்படி ஒரு பரம்பரை இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது என்பதில் எனக்கு வருத்தம்.

1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி உப்பெடுக்கக் கிளம்பியதும் திருச்சியிலிருந்துதான். ஏப்ரல் 30 அன்று அவர் இங்கே உப்பு அள்ளிய இடத்தில் நினைவுத்தூண் நிற்கிறது. அதைக் கும்பிட்டுவிட்டு அளத்துக்குள் நடந்தேன்.

முதல் பாத்தி கடல்தண்ணீரைத் தேக்கிவைக்கிற பெரிய பரப்பு. முழங்காலுக்கும் கீழேதான் ஆழம். வரப்போரம் தண்ணீர் வற்றிய இடத்தில் தரை முழுக்கக் கரும்பச்சையாகத் தோல் போர்த்தியிருந்தது. அதன் ஒரு ஓரத்தைக் கையால் தூக்கப் போனேன். மண்வெட்டியோடு வந்த பெரியவர் தடுத்தார்.

“அத பேக்காதீங்க தம்பி. பேத்துட்டா தண்ணி கீழ எறங்கிடும். அப்புறம் எவ்வளவு பாச்சினாலும் நிக்காது.”

“பாசிதானே ஐயா?”

“பாசிதான். மேல் பாத்தியில இருக்கணும். உப்புப் பாத்திக்கு வந்துடக் கூடாது.”

அவர் சொன்ன அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களைத்தான் உப்பள உயிரியல் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கரை உடைந்த இடத்தில் ஏற்கெனவே பெயர்ந்து கிடந்த ஒரு துண்டை அவரே எடுத்துக் கொடுத்தார். கத்தியால் நறுக்கிப் பார்த்தேன். மேலே ஓரிரு மில்லிமீட்டர் அடர்ந்த பச்சை. அதன் கீழே மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு. அதற்கும் கீழே மை போன்ற கறுப்பு. மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை வாடை. பச்சை, சயனோபாக்டீரியா, இழை இழையாகக் கோந்து உறைக்குள் பின்னிக் கிடப்பவை. சிவப்பு, கந்தகத்தைக் கொண்டு ஒளிச்சேர்க்கை செய்கிற வேறு பாக்டீரியா. கறுப்பு, இரும்பும் கந்தகமும் சேர்ந்த சேறு. அங்கே ஆக்சிஜன் கிடையாது. பகல் ஏற ஏற, பச்சைப் பரப்பில் சின்னச் சின்னக் குமிழ்கள் முளைத்து நின்றன. அது ஒளிச்சேர்க்கையில் வெளிவந்த ஆக்சிஜன். ஒரு விரற்கடை கனம்கூட இல்லாத இந்தத் துண்டில், மேலே மூச்சுமுட்டும் அளவுக்கு ஆக்சிஜன், கீழே துளிகூட இல்லை.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் சோடியம் மட்டும் ஏறக்குறைய 10.8 கிராம். பாசிக்கு வேண்டிய பாஸ்பேட்டோ கிராமில் சொல்லக்கூடிய அளவில் இல்லை. ஒரு பாஸ்பேட் அயனிக்குச் சுற்றிலும் பல லட்சம் சோடியம் அயனிகள் என்பதுதான் கணக்கு. நைட்ரேட்டும் அப்படியே, அரிது. இந்த நெரிசலுக்குள் கைவிட்டு அந்த ஒன்றை மட்டும் எடுத்து உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். சோடியத்தை உள்ளே தங்கவும் விடக்கூடாது.

அதற்கு முன் தண்ணீரைக் காப்பாற்றியாக வேண்டும். மாவடுவை உப்பில் போட்டால் மறுநாளே தோல் சுருங்கி ஜாடியில் நீர் விட்டிருக்கும். செல்லுக்கும் உப்புநீரில் அதே கதிதான். சுருங்காமலிருக்க, வெளியே இருக்கும் உப்பின் இழுப்புக்கு ஈடாக உள்ளே எதையாவது கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். உப்பையே உள்ளே வைத்தால் நொதிகள் கெட்டுவிடும். அவசரத்துக்குப் பொட்டாசியத்தை இழுத்துக்கொள்கிறது. பிறகு நிதானமாக, நொதிகளுக்குத் தீங்கு செய்யாத கரைபொருள்களைத் தயாரிக்கிறது. நன்னீர்ப் பாசிகள் சுக்ரோஸ், ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரைகளைச் செய்யும். அவற்றால் தாங்கமுடிவது கடல்நீர் அளவு வரைக்கும்தான். கடல்வாழ் இனங்கள் பலவற்றில் குளுக்கோசில்கிளிசரால். உப்புப் படியும் நிலை வரையிலும் தாக்குப்பிடிக்கிற இனங்கள் கிளைசின் பீட்டெய்ன் என்ற பொருளைச் செய்கின்றன.

இந்தக் கடைசி விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. சர்க்கரையிலும் குளுக்கோசில்கிளிசராலிலும் நைட்ரஜன் கிடையாது. பீட்டெய்னின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு நைட்ரஜன் அணு உண்டு. ஆக, உப்பு ஏறுகிற பாத்தியில் உள்ள பாசிக்குப் புரதம் கட்டுவதற்கு மட்டுமல்லாமல், சுருங்காமல் இருப்பதற்கே நைட்ரஜன் வேண்டும். உப்பு ஏறினால் பசியும் ஏறுகிறது.

சரி, அரிதாகக் கிடைப்பதை எப்படி உள்ளே இழுக்கிறது? இங்கேதான் எனக்குப் பெரிய வியப்பு காத்திருந்தது. சோடியத்தைப் பாசி ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதற்கென்று செல் சவ்வில் புரதங்கள் இருக்கின்றன, சூரிய ஒளியில் சம்பாதித்த ஆற்றலில் ஒரு பங்கு அதற்கே போகிறது. விளைவாக வெளியே சோடியம் மிகுதி, உள்ளே குறைவு. இந்த ஏற்றத்தாழ்வே ஒரு விசை. சோடியம் மறுபடியும் உள்ளே பாய முயலும்போது, அந்தப் பாய்ச்சலோடு வேறொன்றையும் கட்டி இழுத்துக்கொள்ளும் வாயில்களைப் பாசி வைத்திருக்கிறது. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கார்பனைப் பைகார்பனேட்டாக உள்ளே கொண்டுவருகிற இரண்டு புரதங்கள், எஸ்பிடிஏ, பிக்ஏ என்பவை, இப்படித்தான் வேலை செய்கின்றன. எதைத் தடுப்பதற்குப் பாசி இவ்வளவு செலவழிக்கிறதோ, அதன் தோளில் ஏறித்தான் உணவும் வருகிறது.

பாஸ்பேட் விஷயத்தில் இதை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று 2011இல் வெளிவந்தது. பாங்காக்கின் சுலலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் அரன் இன்சரோயென்சக்டி குழுவினர், நியூசிலாந்து ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து செய்தது. சினெக்கோசிஸ்டிஸ் என்ற பாசி இருந்த நீரில் ஒரு பக்கம் சமையல் உப்பையும், இன்னொரு பக்கம் சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலையும் கலந்து, நீரின் இழுவிசையை உயர்த்தினார்கள். வெறும் இழுவிசைதான் காரணம் என்றால் இரண்டிலும் ஒரே விளைவு வரவேண்டும். வரவில்லை. உப்பில் பாஸ்பேட் உறிஞ்சுவது கூடியது, சார்பிட்டாலில் குறைந்தது. சோடியத்தின் ஏற்றத்தாழ்வைக் குலைக்கிற மருந்தைக் கொடுத்தபோதும் உறிஞ்சுதல் தடைபட்டது. சோடியம் அயனிதான் கைகொடுக்கிறது என்பது அதிலிருந்து தெளிவு. இதற்கு அளவும் உண்டு: அந்தப் பாசிக்குக் குறைந்த உப்பே உகந்ததாக இருந்தது.

நைட்ரஜன் கதை இன்னும் நெருக்கமானது, நம் நாட்டிலேயே நடந்தது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ரெட்டி, ஆப்தே, தாமஸ் மூவரும் 1989இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அனபீனா என்ற பாசிக்கு நைட்ரேட்டோ அம்மோனியமோ கொடுத்தால், அது அதிக உப்பைத் தாங்குகிறது. காரணம், செல்லுக்குள் சோடியம் நுழைவதே குறைகிறது. உப்பு உணவை இழுக்க உதவுகிறது, உணவு உப்பைத் தடுக்க உதவுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நைட்ரேட் கிடைக்காதபோது சில இனங்கள் காற்றிலுள்ள நைட்ரஜனையே பிடிக்கின்றன. நெல்வயலில் இது நடக்கிறது என்று பி. கே. தே 1939இலேயே எழுதினார். உப்புப் பாத்தியில் அது எளிதல்ல. நைட்ரஜன் பிடிக்கிற நொதிக்கு மாலிப்டினம் வேண்டும். கடல்நீரில் மாலிப்டேட் இருக்கிறது; ஆனால் அதே சாயலில், அதைவிட இரண்டரை லட்சம் மடங்குக்கும் அதிகமாகச் சல்பேட் இருக்கிறது. மாலிப்டேட் நுழையவேண்டிய வழியைச் சல்பேட் அடைத்துக்கொள்கிறது என்று ஹோவர்த், கோல் இருவரும் 1985இல் வாதிட்டார்கள். அந்த நொதிக்கு ஆக்சிஜனும் ஆகாது. பகலெல்லாம் ஆக்சிஜன் குமிழிடும் இந்தப் பாசிப்பாய், இருட்டிய பிறகு ஆக்சிஜன் தீர்ந்ததும்தான் நைட்ரஜன் பிடிக்கத் தொடங்குகிறது.

பாஸ்பேட்டுக்கும் இரவு பகல் உண்டு. உச்சி வெயிலில் ஒளிச்சேர்க்கை நீரிலுள்ள கார்பனை உறிஞ்ச உறிஞ்ச, பாயின் மேல்பரப்பில் காரத்தன்மை ஏறுகிறது; கால்சியத்தோடு சேர்ந்து பாஸ்பேட் படிந்துவிட வாய்ப்பிருக்கிறது. கறுப்பு அடுக்கில் நேர்மாறு. அங்கே கந்தகம் இரும்பைப் பிடித்துக்கொள்வதால், இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பேட் விடுபட்டு மேலே கசிகிறது. கிடைக்கும்போது பாசி தேவைக்கு மேலேயே எடுத்து, நீண்ட சங்கிலியாகக் கோத்துச் சேமித்துவைக்கிறது. கரிமப் பொருளில் சிக்கிய பாஸ்பேட்டைக் கத்தரித்து எடுக்கும் நொதியும் அதனிடம் உண்டு. அந்தப் பெரியவர் பெயர்க்காதே என்று சொன்ன தோல் இவ்வளவு வேலை செய்கிறது.

வரப்பு வழியே அடுத்தடுத்த பாத்திகளுக்குப் போனேன். தண்ணீர் கனத்துக்கொண்டே வருகிறது. அளத்தில் எல்லோரும் நீரின் அடர்த்தியை டிகிரிக் கணக்கில் பேசுகிறார்கள். கடல்தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி. பதின்மூன்று டிகிரி வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்குகிறது. காலடியில் நறநறத்தது அதுதான். இருபத்தைந்தில் உப்பு. இந்த நடுப் பாத்திகளில் இழைப்பாசிகள் குறைந்து, உருண்டைச் செல்களாலான அஃபனோதீக்கி என்ற இனம் தலையெடுக்கிறது. பீட்டெய்ன் செய்வதில் பேர்போன இனம். நைட்ரேட்டை உறிஞ்சுவதற்கும் அதற்குச் சோடியம் துணை வேண்டும் என்று அதே பாங்காக் குழு காட்டியிருக்கிறது.

உப்பு விளைவிப்பவர்களுக்கு இந்த இனத்தைப் பிடிக்காது. நீரில் சத்து மிஞ்சியிருந்தால் இது பெருகி, வழுவழுப்பான கோழையைக் கக்குகிறது. தண்ணீர் பிசுபிசுத்துப்போகும். ஆவியாவது மந்தமாகும். உப்பு பெரிய கல்லாகத் திரளாமல் பொடியாக விழும்; கல்லுக்குள் அழுக்கும் கசப்புநீரும் சிக்கிக்கொள்ளும். ஜோசப் டேவிஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1970களிலிருந்து இதை விளக்கி எழுதிவந்தார். அவருடைய வாதத்தின் சாரம்: முதல் பாத்திகளில் பாசிப்பாய் ஆரோக்கியமாக இருந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்று தீர்த்துவிட்டால், பின்னால் வரும் பாத்திகளில் கோழைக்கு வழியில்லை. மேல் பாத்தியில் இருக்கணும், உப்புப் பாத்திக்கு வந்துடக் கூடாது என்று பெரியவர் சொன்னது வேறென்ன?

கடைசிப் பாத்திகளில் நீர் லேசாகச் சிவந்திருந்தது. துனாலியெல்லா என்ற நுண்பாசியும், உப்பிலேயே வாழும் ஆர்க்கியா நுண்ணுயிர்களும் கொடுக்கும் நிறம். அந்தச் சிவப்பு வெயிலை உறிஞ்சி நீரைச் சூடாக்குவதால் உப்பு விளைச்சலுக்கு நல்லது. ஓர் அக்கா காலில் பழைய காலுறையை மாட்டிக்கொண்டு உப்பை வாரி வரப்போரம் கூட்டிக்கொண்டிருந்தார். விரல் இடுக்குகளில் வெடிப்பு. பாதத்தில் புண் இருந்தால் இந்தத் தண்ணீர் ஆறவிடாது என்றார். பாசியின் உப்புத் தாங்கும் திறன் பற்றி எவ்வளவு எழுதினாலும், உப்பைத் தாங்கிக்கொண்டு இங்கே நிற்கிற மனிதர்களின் கால்களைப் பார்க்காமல் எழுதக்கூடாது.

மாலையில் கோடியக்கரைப் பக்கம் போனேன். சதுப்பில் பூநாரைகள் தலைகீழாக அலகை வைத்துச் சேற்றுநீரை அரித்துக்கொண்டிருந்தன. அவற்றின் சிவப்பு அவை தின்னும் சிறு உயிரிகளிலிருந்தும் பாசிகளிலிருந்தும் வருவது. இந்த இடம் 2002 முதல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இருக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்தால் பாத்திகள் எல்லாம் நன்னீரில் மூழ்கும். அப்போது பாசிக்கு நேர்எதிர் ஆபத்து: உள்ளே சேர்த்த கரைபொருள்களால் தண்ணீர் உள்ளே பாய்ந்து செல் வெடித்துவிடும். ஆகவே பாடுபட்டுச் செய்ததை அவசரமாக வெளியே கொட்டுகிறது. சுற்றியுள்ள பாக்டீரியாக்கள் அதைத் தின்கின்றன. காற்றில்லாத சேற்றில் பீட்டெய்ன் சிதைந்தால் மீன் கவிச்சியுள்ள டிரைமெத்தில் அமீன் வரும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. கடல் சேற்றைக் கொண்டுவந்து பாத்திகளில் கொட்டியது. மறுபடியும் தரை மிதித்து, வரப்புப் போட்டு, பாசி படிந்து, தண்ணீர் நிற்கும்வரை உப்பு இல்லை என்று ரயிலடியில் டீக்கடைக்காரர் சொன்னார்.

கடைமடை விவசாயிகள் சிலர், உவர் ஏறிய நிலத்தில் இந்தப் பாசியைப் போட்டால் உப்பை உறிஞ்சி எடுத்துவிடுமா என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்லவேண்டும். ஆப்தேயும் தாமஸும் இதைச் சோதித்து 1997இல் எழுதினார்கள். பாசி வளரும்போது மண்ணின் உவர் தணிகிறது, நைட்ரஜனும் சேர்கிறது. பாசி செத்தால் பிடித்துவைத்த சோடியம் திரும்ப மண்ணுக்கே வந்துவிடுகிறது. நிலத்தைக் கழுவி வடிய வழி இல்லாமல் பாசி மட்டும் உவரைப் போக்காது. பயிர் வளரும் அந்த நாட்களில் அது கைகொடுக்கும் என்பதே நிச்சயமாகச் சொல்லக்கூடியது.

அளத்துக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தண்ணீர் எத்தனை டிகிரி என்று நாள் தவறாமல் பார்க்கிறீர்கள். அதில் எவ்வளவு நைட்ரேட், எவ்வளவு பாஸ்பேட் என்பதையும் பருவத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். யூரியாவும் டிஏபியும் போட்ட வயல்களின் வடிகால் இந்தக் கரையில்தான் கடலைச் சேர்கிறது. அந்தச் சத்து மிஞ்சினால் முதல் பாத்தியின் பாசியால் தின்று தீர்க்கமுடியாது. மிச்சம் நடுப் பாத்தியில் கோழையாக வந்து நிற்கும். சோதித்துச் சொல்லக்கூடியவர்கள் திருச்சியிலேயே இருக்கிறார்கள். தை மாதம் பாத்திக்கு முதல் தண்ணீர் விடும்போது ஒரு பாட்டில் எடுத்து அனுப்புங்கள், அதுவே போதும். பாசிப்பாயை மட்டும் பெயர்க்க விடாதீர்கள்.